மயில்துத்தமும் தென்னங்குருத்தும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், குற்றாலத்திற்கு அருகே அமைந்துள்ளது பண்பொழி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இப்பகுதியில் சாரல் பொழியும். பயிரைத் தழைக்கச் செய்யும் அவ்வீரமே, தென்னையில் குருத்தழுகல் நோய் பரவவும் இடமளிக்கிறது. தென்னைக்கு வளர்முனை ஒன்றே. அது முற்றும் அழுகினால் மரம் பிழைப்பதில்லை. அக்குருத்தைக் காக்க உழவர் நெடுங்காலமாக நாடும் பொருள் மயில்துத்தம்.

அணைவுச் சேர்மம்

மயில்துத்தம் என்பது ஐந்து நீர் மூலக்கூறுகளுடன் கூடிய காப்பர் சல்பேட். அவ்வைந்தனுள் நான்கு, தம் எலக்ட்ரான் இணைகளைக் காப்பர் அயனிக்கு ஈந்து அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. இவ்வாறு ஈபவை ஈனிகள் எனப்படும். அவை உலோக அயனியுடன் இணைந்து உருவாவது அணைவுச் சேர்மம். மயில்துத்தத்தைச் சூடேற்றினால் நீர் வெளியேறி, நீலம் மறைந்து, வெண்தூள் எஞ்சும்; நீர் பட்டதும் நீலம் மீளும். எனவே, நிறம் காப்பரை மட்டுமன்றி, ஈனிகளையும் பொறுத்தது.

தயாரித்தல்

மயில்துத்தக் கரைசலில் அம்மோனியாக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்தால், முதலில் வெளிர்நீல வீழ்படிவு தோன்றும். மேலும் சேர்க்க, அது கரைந்து அடர்நீலக் கரைசலாகும். நீர் மூலக்கூறுகள் நின்ற இடத்தை நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் பெறுவதே இம்மாற்றத்திற்குக் காரணம். இக்கரைசலில் எத்தனாலைச் சேர்த்துக் குளிர்வித்தால் டெட்ராஅம்மீன்காப்பர் சல்பேட் படிகங்கள் பிரியும். திறந்து வைத்தால் அம்மோனியா சிறிது சிறிதாக வெளியேறுமாதலால், இப்படிகங்களை இறுக மூடி வைத்தல் வேண்டும்.

பயன்கள்

மயில்துத்தமும் அம்மோனியம் கார்பனேட்டும் சேர்ந்த செஷண்ட் கலவையை நீரில் கரைக்கும்போது, காப்பர்-அம்மோனியா அணைவு அயனியே உருவாகிறது. நாற்றழுகலைத் தடுக்க இக்கரைசல் நாற்றங்கால் மண்ணில் ஊற்றப்படுகிறது.

தென்னைக்கு வேண்டுவது வேறு வடிவம். எளிதில் கரையும் மயில்துத்தத்தை மட்டும் தெளித்தால் இளந்திசு கருகும். மழையும் அதனைக் கழுவிச் செல்லும். ஆதலால் 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் என்ற அளவில் ஒரு சதவீதப் போர்டோ கலவை தயாரிக்கப்படுகிறது. இரண்டையும் தனித்தனியே கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குதல் வேண்டும். இதில் காப்பர் எளிதில் கரையாத வடிவம் பெற்று இலையில் படிகிறது. சிறுகச் சிறுக வெளிப்பட்டுப் பூஞ்சை வித்துகள் முளைப்பதைத் தடுக்கிறது. நோயுற்ற மரத்தில் அழுகிய பகுதியை நீக்கியபின் பத்து சதவீதப் போர்டோ பசை தடவப்படுகிறது.

காப்பர் மண்ணில் சிதைந்து மறைவதன்று. மிகுந்தால் மண்புழுவுக்கும், நீரில் கலந்தால் மீனுக்கும் கேடு விளைக்கும். ஆகவே, மரத்தைக் காக்கும் மருந்தாயினும் அளவறிந்தே பயன்படுத்துதல் வேண்டும்.

சிந்திக்க

தயாரித்த போர்டோ கலவையில் தீட்டிய இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் அமிழ்த்தி எடுக்கும் உழவர், அதில் செந்நிறப் படிவு கண்டால் மேலும் சுண்ணாம்புக் கரைசலைச் சேர்ப்பர். அப்படிவு யாது? சுண்ணாம்பு சேர்ப்பது ஏன்?