அழித்தால் இடம் வருமா?

நள்ளிரவில் போஸ்ட்கிரெஸ் சர்வர் நின்றுவிட்டது. டிஸ்க்கில் இடமில்லை என்கிறது. உடனே எதையாவது அழிக்கச் சொல்லிக் கை பரபரக்கும். அந்தப் பரபரப்புக்கு உரமிடும் நம்பிக்கைகள் சில.

நம்பிக்கை: பெயரிலேயே ‘லாக்’ இருக்கிறதே, தாராளமாக அழிக்கலாம்.

உண்மை: பிஜி_எக்ஸ்லாக் என்ற கோப்புறையை இப்படி அழித்து டேட்டாபேஸையே பறிகொடுத்தவர்கள் உண்டு. அதில் இருப்பது வெறும் குறிப்பேடு அல்ல. சர்வர் விழுந்து எழும்போது தரவை மீட்கும் ‘வால்’ கோப்புகள், வழக்கமாக ஒவ்வொன்றும் 16 எம்பி. பல்லி வாலைப் போல இது திரும்ப முளைக்காது. 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அந்தக் கோப்புறைக்கு பிஜி_வால் என்று பெயரையே மாற்றினார்கள். பயனரின் கைக்குப் பயந்து ஒரு மென்பொருள் பெயர் மாற்றிக்கொண்டது என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வால் கோப்புகள் ஏன் குவிகின்றன என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டே இருக்கலாம். அல்லது எப்போதோ தூக்கிப்போட்ட ரெப்ளிகாவுக்கான ரெப்ளிகேஷன் ஸ்லாட், வராத விருந்தாளிக்கு இலை போட்டுக் காத்திருக்கலாம். அந்த ஸ்லாட்டை நீக்கினால் அடுத்த செக்பாயின்ட்டில் சர்வரே கோப்புகளைக் கழித்துவிடும். ஸ்லாட்டுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி 13ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. நாமாக வைக்காவிட்டால் வரம்பே கிடையாது.

நம்பிக்கை: பழைய பதிவுகளை டிலீட் செய்தால் இடம் கிடைக்கும்.

உண்மை: பதிவு ‘செத்தது’ என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். அந்தக் குறிப்பும் வாலில் எழுதப்படுவதால் நெருக்கடி கூடவே செய்யும். வேக்கம் ஓடினாலும் அந்த இடம் பெரும்பாலும் அதே டேபிளின் புதுப் பதிவுகளுக்குத்தான். வேக்கம் ஃபுல்? அது டேபிளைப் புதிதாகப் படியெடுத்த பிறகே பழையதை விடும். உயிருள்ள தரவு 120 ஜிபி என்றால் அந்த அளவு காலியிடம் முதலில் வேண்டும். முடியும்வரை டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது. டேபிள் முழுவதுமே வேண்டாததென்றால் ட்ரங்கேட் போதும்.

நம்பிக்கை: கோப்பை அழித்தால் இடம் உடனே திரும்பும்.

உண்மை: லினக்ஸில் ஏதாவது ஒரு புராசஸ் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை திரும்பாது. டியூ காட்டும் கணக்கும் டிஎஃப் காட்டும் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் எல்எஸ்ஓஎஃப் ஓட்டிப் பாருங்கள்.

என் சர்வர்களில் 2 ஜிபிக்கு ஒரு வெட்டிக் கோப்பைப் போட்டு வைத்திருக்கிறேன். நள்ளிரவில் கை பரபரத்தால் அழிப்பதற்கு.