கல்லூரி அக்காக்கள் என்ன சாப்பிடுகிறார்கள்?



மதியம் மணி அடித்ததும் நாம் தட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் படிக்கிறவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? இதை அறிய டவுன் காலேஜில் படிக்கும் எங்கள் தெரு அக்காக்கள் நாலு பேரிடம் கேட்டேன்.

நாலு பேரில் மூன்று பேர் காலையில் சாப்பிடுவதே இல்லை! அதில் ஒரு அக்கா படிப்பதே மனையியல். "சரிவிகித உணவு பத்திப் பரீட்சை எழுதுன அன்னிக்கும் வெறும் டீதான்டி குடிச்சேன்" என்று சிரித்தார். ஆகவே தெரியாமல் செய்வதில்லை. வேறு காரணங்கள் இருக்கின்றன.

1. நேரம்: சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று 2021இல் அறிவித்தார்கள். அது பெரிய உதவி. ஆனா நம்ம ஊருக்குக் காலையில் அந்த பஸ் ஒன்றுதான், 7.10க்கு. தண்ணி பிடித்து, வாசல் பெருக்கிவிட்டுக் கிளம்புவதற்குள் சோறு வடித்திருக்காது.

2. காசு: கையில் இருப்பது முப்பது ரூபாய். காலேஜ் வாசலில் இருப்பது பப்ஸ் கடை. அதனால் மதியம் ஒரு பப்ஸ், ஒரு டீ. அவ்வளவுதான்.

3. தோழிகள்: ஒருத்தி வாங்கினால் எல்லாரும் அதையே வாங்குவாங்க. பழைய சோறு கொண்டுபோனால் சிரிப்பாங்களோ என்று வெட்கம். குண்டாகிடுவோம்னு பயந்து பட்டினி கிடப்பவர்களும் உண்டு.

4. விடுதி: ஒரு அக்கா ஹாஸ்டலில் இருக்கிறார். லேப் முடிந்து வருவதற்குள் மெஸ்ஸை மூடிவிடுவார்களாம். பரீட்சை நேரத்தில் நூடுல்சும் சிப்சும்தான் துணை.

இதனால் என்ன ஆகும்?

இரவு எட்டரைக்குச் சாப்பிட்டவர் மறுநாள் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டால் நடுவில் 16 மணி நேரம் வயிறு காலி. உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மூளைக்கே போகிறது. அப்புறம் பாடம் எப்படி ஏறும்?

இன்னொன்று இரத்தசோகை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இது இருந்தது. ரத்ததானம் செய்ய 12.5 கிராம் வேண்டும். ஆசையாகக் கொடுக்கப் போன ஒரு அக்காவை, "உனக்கே 9 தான்மா இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

என்ன செய்யலாம்?

* காரணம் நேரம் என்றால், ராத்திரியே பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்க ஐந்து நிமிடம் போதும்.
* காரணம் காசு என்றால், பப்ஸுக்குப் பதில் வேர்க்கடலையும் வாழைப்பழமும். 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது.
* காரணம் வெட்கம் என்றால், ரெண்டு பேர் சேர்ந்து டப்பா கொண்டுபோங்க. ஒருத்தி திறந்தால் மற்றவளும் திறப்பாள்.
* சாப்பிட்ட உடனே டீ குடிக்கக் கூடாது. இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்தால் நன்றாகச் சேரும்.

ஒன்பதாவது படிக்கும் எங்களுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் சத்துணவு. அதற்குப் பிறகு நம் தட்டை நாம்தான் பார்த்துக்கொள்ளணும். வீட்டில் அண்ணனுக்கு மட்டும் டிபன் கட்டிக்கொடுத்தால், "எனக்கும் கட்டும்மா" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம்!