எலி எழுதும் மண மடல்

எலி என்றாலே முகம் சுளிப்போம். ஆனால் உயர்தரத்தில் உயிரியல் கற்கும் எனக்கு அதன் உடலிலுள்ள சின்னஞ்சிறு சுரப்பி ஒன்று பெரும் வியப்பைத் தருகிறது. அக்கரப்பத்தனை லயங்களில் வாழும் நமக்கு இது பயனுள்ள அறிவும்கூட.

ஓர் உயிரி வெளிவிடும் இரசாயனம் அதே இனத்தின் இன்னோர் உயிரியின் நடத்தையை மாற்றுமானால் அதனைப் பெரமோன் என்பர். 1959இல் உருவான சொல் இது. ஆண் எலியின் இனப்பெருக்க உறுப்பை அடுத்துள்ள முன்தோல் சுரப்பி இத்தகைய மணப்பொருள்களைச் சுரக்கிறது.

மணம் காற்றில் பறந்துவிடும் அல்லவா? எலி இட்ட அடையாளம் மட்டும் நெடுநேரம் நிலைப்பது எப்படி?

விடை புரதத்தில் இருக்கிறது. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அர்ச்சுனனின் ஆய்வுக் குழு, 2006இல் இச்சுரப்பியில் அல்பா-2யூ குளோபியுலின் என்ற புரதத்தை இனங்கண்டது. வளர்ந்த ஆண் எலியின் ஈரலிலும் இது உருவாகிச் சிறுநீருடன் வெளியேறுகிறது. பீப்பாய் போன்ற இப்புரதத்தின் உட்குழியில் மண மூலக்கூறு தங்கி, சிறிது சிறிதாக வெளியேறும். பஞ்சில் தோய்த்த அத்தர் நாள் முழுதும் மணப்பதைப் போன்றதே இது. பூக்களில் காணப்படும் ஃபார்னசோல் இச்சுரப்பியிலும் உண்டு!

சுண்டெலியில் புரதமே செய்தியாகிறது. 2010இல் இங்கிலாந்தின் லிவர்பூல் ஆய்வாளர்கள், பெண் சுண்டெலியை ஈர்க்கும் சிறுநீர்ப் புரதம் ஒன்றுக்கு 'டார்சின்' எனப் பெயரிட்டனர். ஜேன் ஒஸ்டினின் நாவல் நாயகன் டார்சியின் நினைவாக வைத்த பெயர் அது. விஞ்ஞானிகளும் இலக்கியம் வாசிக்கிறார்கள்!

இவ்வறிவால் நமக்கென்ன பயன்? நஞ்சு வைத்தால் கோழியும் பூனையும் சாகக்கூடும், குழந்தைகளுக்கும் ஆபத்து. மணத்தால் எலியைப் பொறிக்குள் ஈர்க்க முடிந்தால் அந்த அச்சம் இல்லை.

இன்னொன்றையும் மறக்கலாகாது. மடல் சுமக்கும் அதே சிறுநீர் எலிக்காய்ச்சல் கிருமியையும் சுமக்கலாம். 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்ச் சந்தேகத்துடன் பதிவாயினர். ஈர மண்ணிலும் கானிலும் உள்ள கிருமி, காலிலுள்ள சிறு காயத்தினூடாகவும் உடலில் புகும். ஆகவே காயத்தை மூடிக்கொண்டு வேலைக்குச் செல்லுங்கள். உணவையும் நீரையும் மூடி வையுங்கள். காய்ச்சலுடன் தசைவலியும் கண்சிவப்பும் கண்டால் தாமதியாமல் வைத்தியரிடம் சென்று, எலி நடமாடும் இடத்தில் இருந்ததையும் சொல்லுங்கள்.

இறைவனின் படைப்பில் அற்பமானது எதுவுமில்லை. அருவருப்பை ஒதுக்கிவிட்டு ஆராய்ந்தால் எலியும் நமக்கு ஆசிரியரே.