வாகனக் கொட்டகையைப் பேணும் முறை

தோட்டப்புறங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத குடும்பத்தைக் காண்பது இன்று அரிது. பொழுது புலருமுன் பால்வெட்டுக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், நோயுற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் அதுவே துணையாக நிற்கிறது. அதனை மழையிலிருந்து காக்க, வீட்டின் பக்கத்தில் நான்கு தூண்களை நட்டுத் தகரம் வேய்ந்து, சிறு கொட்டகையொன்றைப் பலரும் அமைத்துக்கொள்கின்றனர்.

நாளடைவில் அக்கொட்டகையில் வாகனம் மட்டுமே இருப்பதில்லை. பெட்ரோல் கலன், பழைய டயர், களைக்கொல்லி, பாலை உறைய வைக்கும் அமிலம் முதலிய யாவும் அங்கே வந்து சேர்கின்றன. வீட்டில் உள்ளவற்றுள் மிகுந்த ஆபத்துடைய பொருள்கள், மிகக் குறைந்த கவனம் பெறும் இடத்தில் குவிந்து கிடக்கின்றன என்பதே உண்மை. எனினும் பெரும்பாலான பழுதுகள் ஒரே நாளில் தோன்றுவதில்லை. முன்கூட்டியே அடையாளம் காட்டுகின்றன. அவ்வடையாளங்களை அறிந்து, வாரம் ஒருமுறை கால் மணி நேரம் கொட்டகையைப் பார்வையிட்டால், பெருஞ்செலவையும் உயிர்ச்சேதத்தையும் தவிர்க்கலாம்.

கூரை

நாம் தகரம் என்று கூறுவது துத்தநாகம் பூசப்பட்ட இரும்புத் தகடாகும். அப்பூச்சு உள்ளவரை இரும்பைத் துரு அணுகாது. ஆணித்துளைகள், இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரங்கள், உதிர்ந்த ரப்பர் இலைகள் ஈரத்துடன் தங்கும் மூலைகள் ஆகிய இடங்களிலேயே பூச்சு முதலில் அழிகிறது. நண்பகலில் கொட்டகைக்குள் நின்று மேலே நோக்குங்கள். ஊசிமுனையளவு வெளிச்சம் தெரியுமாயின், அடுத்த மழையில் அவ்வழியே நீர் இறங்கும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கி, துருத்தடுப்பு வண்ணம் பூசுவதற்குச் சில வெள்ளியே செலவாகும். தளர்ந்த ஆணிகளை அகற்றி, ரப்பர் வாஷர் பொருத்திய ஆணிகளை அறைதல் வேண்டும். ஏணியில் ஏறும்போது கீழே ஒருவர் அதனைப் பிடித்துக்கொள்ளட்டும். பழைய தகரத்தின் மீது கால் வைத்தல் ஆகாது.

தூண்களும் கரையானும்

தோட்டத்து நிலத்தில் புதைந்து கிடக்கும் பழைய வேர்களும் அடிக்கட்டைகளும் கரையானுக்கு உணவாகின்றன. ஆதலால் இங்குள்ள வீடுகளுக்குக் கரையான் தொல்லை வருவது எளிது. தூணின் அடியிலிருந்து பென்சில் பருமனில் மண்குழாய் மேலேறியிருந்தால், அதுவே முதல் அடையாளமாகும். கத்திப் பிடியால் தூணைத் தட்டிப் பாருங்கள். உள்ளே அரிக்கப்பட்ட மரம் வெற்றொலி எழுப்பும். மண்குழாயில் சிறு பகுதியை உடைத்துவிட்டு, இரண்டு நாட்கள் கழித்துப் பாருங்கள். அது மீண்டும் அடைக்கப்பட்டிருந்தால், கரையான் உயிருடன் உள்ளது என்று உறுதியாகக் கொள்ளலாம். குழாயைச் சுரண்டி எறிவதால் மட்டும் பயனில்லை. புற்று நிலத்தடியில் உள்ளது. கரையான் கொட்டகையோடு நில்லாது வீட்டிற்கும் பரவும். எனவே, நிர்வாகம் வழங்கிய வீடாயின் தாமதமின்றித் தோட்ட அலுவலகத்திற்கு அறிவித்தல் வேண்டும்.

புதிய தூண் நடுவோர் பதப்படுத்தப்படாத ரப்பர் மரத்தைப் பயன்படுத்துதல் கூடாது. அம்மரத்தில் மாச்சத்து மிகுதியாதலால், வண்டும் பூஞ்சணமும் அதனை எளிதில் தாக்கும். தூண் மண்ணில் படாதவாறு சிமெந்துப் பீடத்தின் மீது நிற்பது நன்று. விறகைத் தூணோடு சேர்த்து அடுக்குவதையும் தவிர்த்தல் வேண்டும்.

தரை கூறும் செய்தி

இரவில் வாகனத்தின் அடியில் பழைய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அவ்வட்டை வாகனத்தின் நலத்தைக் கூறும். இயந்திரத்தின் அடியில் கறுத்த பிசுக்குத் துளிகள் இருந்தால், இயந்திர எண்ணெய் கசிகிறது. எண்ணெய் குறைந்த நிலையில் ஓட்டினால் இயந்திரம் இறுகிப்போகும். முன்சக்கரத்தில் வட்டு பிரேக் உள்ள வாகனமாயின், அதன் அருகே ஈரம் கண்டால் பிரேக் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தல் வேண்டும். கசிவு இருப்பின், பழுது நீக்கும்வரை அவ்வாகனத்தை ஓட்டுதல் கூடாது. பெட்ரோல் விரைவில் ஆவியாகிவிடும்; ஆகவே அதன் கசிவைக் கண்ணால் காண்பதினும் மூக்கால் அறிவதே எளிது.

எரிபொருளும் புகையும்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தரையாகப் படர்ந்து, சற்றுத் தொலைவில் உள்ள கொசுவர்த்தியிலோ விளக்கிலோ பட்டுத் தீப்பற்றக்கூடும். கொட்டகையில் பெட்ரோல் வாடை வீசினால், மின்விசையைத் தொடாமலும் நெருப்பு மூட்டாமலும் வாகனத்தை வெளியே தள்ளிக் காற்றோட்டம் உண்டாக்குங்கள். பெட்ரோலுக்கு நீரூற்றினால் தீ மேலும் பரவும். உலர்ந்த மணலும், உலர்தூள் தீயணைப்புக் கருவியும் உதவும். தீ பெருகினால் எல்லோரும் விலகிச் சென்று, 999 என்ற எண்ணில் தீயணைப்பு மீட்புப் படையினரை அழைத்தல் வேண்டும்.

அடைத்த கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிடுதல் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. இரத்தம் உயிர்வளியைச் சுமந்து செல்வதை அது தடுத்துவிடும். தலைவலியும் மயக்கமும் அதன் முதற்குறிகளாகும்.

நஞ்சும் அமிலமும்

சிறுவர்கள் உயிரிழக்க நேரிடுவது இங்கேதான். களைக்கொல்லியையோ பார்மிக் அமிலத்தையோ பெட்ரோலையோ குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்கும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும். அவற்றை அவற்றிற்குரிய கலன்களில், பெயர்ச்சீட்டு அழியாமல், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்தல் கடமையாகும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 சனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. அந்நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது; ஒரு மிடறு கூட உயிரைப் பறிக்கும். பழைய புட்டி எங்கேனும் ஒதுங்கிக் கிடந்தால், அதனைக் கால்வாயில் ஊற்றாமல், விவசாயத் துறை அதிகாரிகளிடம் வழி கேட்டறிக.

அமிலக் கலனின் அருகே உள்ள சங்கிலியோ தகரமோ விரைவாகத் துருவேறினால், அமில ஆவி கசிகிறது என்று ஐயுறுக. உடலில் அமிலம் பட்டால், ஓடும் நீரில் 20 நிமிடங்கள் கழுவுங்கள். எவரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், கலனையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

தேங்கும் நீரும் மின்சாரமும்

பழைய டயரில் தேங்கும் சிறிதளவு நீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். ஆதலால் வாரந்தோறும் நீரைக் கவிழ்ப்பவர் டிங்கிக் காய்ச்சலைத் தடுப்பவராவார். வேண்டாத டயர்களை அகற்றிவிடுதல் சாலச் சிறந்தது. கொசு பெருகும் இடத்தை வைத்திருப்போர் மீது நடவடிக்கை எடுக்க, நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது.

கொட்டகை விளக்கின் கம்பியில் வெடிப்போ, பொத்தானில் கருகிய தடமோ தெரிந்தால், வீட்டின் முதன்மை விசையை நிறுத்திவிட்டு, தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். நிர்வாக வீடுகளில் அனுமதியின்றி மின்கம்பி இழுத்தல் ஆகாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

வாரந்தோறும்: தேங்கிய நீர், தரையின் கசிவு, பெட்ரோல் வாடை, நஞ்சுக் கலன்களின் பூட்டு.

மாதந்தோறும்: தூண்களின் அடி, மின்கம்பி, மின்கசிவுத் தடுப்பு விசையின் சோதனைப் பொத்தான்.

அடைமழைக் காலத்திற்கு முன்: கூரை, ஆணிகள், நீர் வடியும் கால்வாய்.

இப்பணியை ஒருவரே செய்ய வேண்டுமென்பதில்லை. பிள்ளைகளும் உடன் நின்று கற்றுக்கொள்ளட்டும். முழு வரிசை வீடுகளுக்கும் கோத்தோங் ரோயோங் முறையில் ஒரு ஞாயிறு ஒதுக்கினால், ஒருவர் காணத் தவறியதை மற்றொருவர் காண்பார். வெள்ளம் வருமுன் அணை போடு என்பது முன்னோர் வாக்கு. நம் கொட்டகையில் அந்த அணை, வாரம் கால் மணி நேரக் கவனமேயாகும்.