வெளிச்சம் பட்டால் விழிக்கும் கண் மருந்து

"கதவு நிலை வளைஞ்சி தெரியுது" என்று வீட்டில் பாட்டி சொன்னால் சிரித்துவிடாதீர்கள். லயத்துக் கதவு பழசுதான். ஆனாலும் கோளாறு கண்ணுக்குள்ளே இருக்கலாம்.

கண்ணின் பின்சுவரில் மெல்லிய சவ்வாக ஒட்டியிருப்பது விழித்திரை. அதன் நடுப்பகுதியால்தான் ஆள் முகத்தை அடையாளம் காண்கிறோம், கொழுந்து நிறை எழுதிய துண்டை வாசிக்கிறோம். ஐம்பது வயது தாண்டிய சிலருக்கு இந்த நடுப்பகுதிக்கு அடியில் வேண்டாத புது இரத்தக் குழாய்கள் முளைக்கும். அவை உறுதியில்லாதவை, வெடித்த தண்ணீர்ப் பைப் மாதிரி கசியும். கசிந்த நீர் திரையை மேலே தூக்குவதால் நேர்கோடு வளைந்து தெரிகிறது. வலி இருக்காது. அதனாலேயே பலர் "வயசு போனா இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

முன்பு சுடும் லேசரால் அந்தக் குழாய்களை எரித்தார்கள்; நல்ல திரையும் சேர்ந்து கருகியது. பிறகு வந்தது வெர்டிபோர்ஃபின் என்ற மருந்து. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் கனடா விஞ்ஞானி ஜூலியா லெவி. அவருடைய தாயாருக்கும் இதே கண் நோய் இருந்தது.

மருந்தை 10 நிமிடம் கை நரம்பில் ஏற்றுவார்கள். அது இரத்தத்திலுள்ள கொழுப்புத் துணிக்கைகளோடு ஒட்டிக்கொண்டு உடம்பெல்லாம் ஓடும். புதிதாக வளரும் குழாய்கள் அந்தக் கொழுப்பை அதிகம் இழுப்பதால் அங்கே மருந்து கூடுதலாகச் சேரும். வெளிச்சம் படும்வரை அது தூங்கும். ஏற்றத் தொடங்கி 15 நிமிடத்தில், சுடாத சிவப்பு லேசரை 83 செக்கன் கண்ணுக்குள் பாய்ச்சுவார்கள். உடனே மருந்து விழித்துக்கொண்டு அங்குள்ள ஒட்சிசனைக் காரமாக்கிவிடும். குழாயின் உட்சுவர் புண்ணாகி, இரத்தம் உறைந்து, குழாய் அடைபடும். விழித்திரையின் சொந்தக் குழாய்கள் பெரும்பாலும் தப்பிவிடும். அடைத்த குழாய் சிலவேளை திரும்பத் திறக்கும். அதனால் 3 மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள்.

மலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். மருந்து தோலிலும் தங்கியிருக்கும். அடுத்த 5 நாள் வெயில் பட்டால் அங்கேயும் விழித்துக்கொள்ளும், தோல் வெந்துபோகும். பேர் போய்விடுமே என்று மறுநாள் கொழுந்துக்கு இறங்க வேண்டாம். மூடுபனிதானே என்றும் நினைக்காதீர்கள், பகல் வெளிச்சம் அதற்குள்ளாலும் வரும். வெயிலுக்குப் பூசும் கிரீமும் உதவாது. கொழும்பிலிருந்து ஹட்டனுக்குப் பகல் பஸ்ஸில் திரும்பினால் முழுக்கைச் சட்டை, கையுறை, அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி வேண்டும். ஜன்னல் ஓரம் உட்கார வேண்டாம். அதற்காக இருட்டறையில் அடைந்திருக்கவும் கூடாது. வீட்டுக்குள் இருக்கும் சாதாரண வெளிச்சம் தோலிலுள்ள மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும்.

இப்போது பெரும்பாலும் கண்ணுக்குள் போடும் ஊசியே முதல் சிகிச்சை. ஆனால் ஆசிய மக்களில் அதிகம் காணப்படும், குழாய் குமிழ் குமிழாக வீங்கும் ஒரு வகைக்கு, ஊசியோடு இந்த மருந்தும் சேர்த்தால் கூடுதல் பலன் என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. எது பொருத்தம் என்று கண் டாக்டர்தான் சொல்வார். எதுவானாலும் கெட்டுப்போன பகுதியில் பார்வை பழையபடி திரும்புவது அரிது. பிந்தினால் நட்டம் நமக்குத்தான்.

இன்றைக்கே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர் கலண்டரின் கட்டங்களைப் பாருங்கள். பிறகு மற்றக் கண். இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். கோடு வளைந்தாலோ, நடுவில் கறுப்பாகத் தெரிந்தாலோ, அந்த வாரமே தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லிக் கண் கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள்.