டிரான்ஸ்பார்மர் வந்தால் மின்வெட்டு தீருமா?

புதிதாக ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்துவிட்டால் மின்பற்றாக்குறை தீர்ந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கே பிசகுகிறது என்பதை அந்தமானில் தெளிவாகக் காணலாம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்குப் பின்னாலும் நாட்டின் பெருநிலப்பரப்பு முழுவதையும் இணைக்கும் மின்தொகுப்பு நிற்கிறது. உற்பத்தி எங்கே நடக்கிறது என்பதை நாம் நினைப்பதே இல்லை. சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டியிருக்கும் அந்தமான் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்துக்கு (முன்பு போர்ட் பிளேர்) அந்த இணைப்பு கிடையாது. கப்பலில் வரும் டீசலில் ஓடும் ஜெனரேட்டர்களும், வடக்கு அந்தமானில் 5.25 மெகாவாட் கல்போங் நீர்மின் நிலையமும், தெற்கே நெய்வேலி என்எல்சி அமைத்த 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் போன்றவையும்தான் தீவுகளின் கையிருப்பு. இவை தராத ஒரு யூனிட்டை எந்த டிரான்ஸ்பார்மரும் தந்துவிட முடியாது.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. இரும்பு உள்ளகத்தின் மேல் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் மாறுமின்னோட்டம் பாயும்போது மாறும் காந்தப்புலம், தொடாமலே மற்றதில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட விதி இது. தெருவோரம் நிற்கும் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குகிறது. முழுச் சுமையில் உயரழுத்தப் பக்கம் 5 ஆம்பியருக்குச் சற்று அதிகமாகவும், தாழ்வழுத்தப் பக்கம் சுமார் 133 ஆம்பியரும் ஓடும். வோல்டேஜ் எத்தனை மடங்கு இறங்கியதோ, கரண்ட் அத்தனை மடங்கு ஏறியிருக்கிறது, திறன் கூடவில்லை. சிறு பங்கு வெப்பமாகப் போவதால் சற்றே குறைகிறது என்பதே உண்மை.

"புது டிரான்ஸ்பார்மர் வைத்ததும் எங்கள் தெருவில் விளக்கு பளிச்சென்று எரிந்ததே" என்று கேட்கலாம். அதுவும் மெய்தான். கம்பியில் வீணாகும் வெப்பம் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே கம்பியில் அதே திறனை 11,000 வோல்ட்டுக்குப் பதில் 433 வோல்ட்டில் அனுப்பினால் இழப்பு 600 மடங்குக்கு மேல் பெருகும். அதனால்தான் தாழ்வழுத்தக் கம்பி நீள நீளக் கடைசி வீட்டில் மின்விசிறி தள்ளாடுகிறது. வீடுகளுக்கு அருகே டிரான்ஸ்பார்மர் வந்தால் அந்தக் கம்பியின் நீளம் குறைகிறது. தீர்ந்தது தூரத்தின் குறை; உற்பத்தியின் குறை அல்ல. இந்த வேறுபாட்டை மறந்து வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர் வைத்தால், வோல்டேஜை ஏற்ற ஒவ்வொன்றும் கம்பியிலிருந்து கூடுதல் கரண்ட் இழுக்கும். அடுத்த வீட்டில் வோல்டேஜ் இன்னும் இறங்கும்.

உற்பத்தி போதாதபோது நடப்பது வேறு. ஜெனரேட்டரின் வேகம் தளர்ந்து, 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சரியும். டிரான்ஸ்பார்மரால் அதிர்வெண்ணைத் திருத்த முடியாது. வந்ததை வந்தபடியே கடத்தும். அப்போது சுமையைக் குறைக்கச் சில பகுதிகளை அணைப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே மாலையில் தெருக்கோடி வீடுகளில் மட்டும் விளக்கு மங்கினால் டிரான்ஸ்பார்மர் கேட்டு மனுக் கொடுங்கள். முறைவைத்து ஊரையே அணைக்கிறார்கள் என்றால், ஜெனரேட்டரையும் சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரியையும் கேளுங்கள்.