பெரிய பொம்மையைக் கண்டு பிள்ளை ஏன் அழுகிறது?



முழு ஆண்டு விடுமுறை நெருங்கினால் நம் குழுக்களில் சுற்றுலாப் பேச்சு ஆரம்பித்துவிடும். முன்பெல்லாம் பழனி, வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் என்று போய் வந்தோம். இப்போது பிள்ளைகள் விடுவதில்லை, "தீம் பார்க் போகணும்" என்கிறார்கள். மாதாமாதம் கொஞ்சம் சேர்த்து வேன் பிடித்துக் குடும்பத்தோடு போகிற குழுக்கள் நம் கூட்டமைப்பிலேயே இருக்கின்றன. ராட்டினத்துக்கும் தண்ணீர் சறுக்குக்கும் எச்சரிக்கைப் பலகை உண்டு. பலகை எதுவும் இல்லாத ஒரு விஷயம்தான் இந்த மாதப் பாடம். வாசலில் நின்று கை ஆட்டுமே, ஆள் உயரத்துக்கு எலி, கரடி, யானை பொம்மைகள், அவற்றைப் பற்றிப் பேசுவோம்.

1955-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் பூங்கா திறந்தார்கள். படத்தில் வரும் மிக்கி எலியைப் போல வேஷம் போட்டவர்கள் அங்கே பிள்ளைகளுக்குக் கை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது பெரிய விசேஷம். அந்தப் பழக்கம் பல நாடுகளுக்கும் போய், இன்றைக்கு நம் ஊர் துணிக்கடை வாசலுக்கும் கல்யாண மண்டப வரவேற்புக்கும் வந்துவிட்டது.

ஒரு குழுவோடு நாங்கள் போன பூங்காவில் நடந்ததைச் சொல்கிறோம். மூன்று வயசுப் பெண் குழந்தை தூரத்திலிருந்து கரடி பொம்மையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்தில் வந்ததும் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். "ஒண்ணும் பண்ணாதுடி, போ, போ" என்று பாட்டி தள்ளினார். சித்தி செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றார். பிள்ளையைத் தூக்கிக் கரடியின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். வீறிட்டு அழுது பாவாடையிலேயே சிறுநீர் போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு அன்று முழுவதும் அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. குட்டி ரயிலும் வேண்டாம், ஊஞ்சலும் வேண்டாம். "டிக்கெட்டு காசு தண்டம்" என்று அந்த அம்மா வருத்தப்பட்டார். காசு போனது கிடக்கட்டும், பிள்ளைக்கு நடந்தது என்ன என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது.

அடம், செல்லம், தைரியம் இல்லாத பிள்ளை என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம். அது அப்படி இல்லை. குழந்தை எட்டு ஒன்பது மாதத்திலேயே புது ஆளைக் கண்டு மிரளும். இது நமக்குத் தெரிந்ததுதான். புது ஆள் நல்லவரா என்று அது முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். கண் சிமிட்டுகிறதா, வாய் அசைகிறதா, குரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கும். அதுவும் போதாதென்றால் அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கும். பொம்மைக்கோ ஒரே சிரிப்பு, அசையாத கண், பேச்சு கிடையாது. உயரமோ பிள்ளையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நம்மை விட இரண்டு மடங்கு உயரத்தில், முகம் அசையாமல் ஒருத்தர் கையை விரித்துக்கொண்டு வந்தால் நாம் நிற்போமா?

"உள்ளே மனுசன்தான் இருக்கான்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குது" என்பார்கள். இதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. அமெரிக்காவில் ரீட்டா டெவ்ரீஸ் என்பவர் 1969-ல் வெளியிட்டது. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சாதுவான பூனையைக் காட்டித் தடவிக் கொடுக்கச் சொன்னார். பிறகு அதன் தலைப்பக்கத்தை மறைத்து, நாய் முகமூடியை மாட்டிவிட்டுக் காட்டினார். அந்த நேரம் முழுக்கப் பூனையின் வால் பிள்ளைகள் கண் முன்னால்தான் இருந்தது. இருந்தும் மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் அது நாயாகவே மாறிவிட்டது என்றார்கள். ஆறு வயதுக்காரர்கள் பெரும்பாலும் "பூனைதான், முகமூடி போட்டிருக்கு" என்றார்கள். ஆக, தோற்றம் வேறு உள்ளே இருப்பது வேறு என்கிற அறிவு வயசோடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். திட்டினால் சீக்கிரம் வராது.

நம் கிராமங்களில் வேஷம் புதிதா என்ன? புலி வேஷம், கரடி வேஷம், பொய்க்கால் குதிரை, குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காளி வேஷம் எல்லாம் நாம் பார்த்து வளர்ந்தவை. தெருக்கூத்து என்றால் ஆட்டம் தொடங்குமுன் அரிதாரம் பூசும் இடத்தில்தான் பிள்ளைகள் கூட்டம் மொய்க்கும். அங்கே ஒரு பெரிய வசதி இருந்தது. வேஷம் போடுகிறவர் அடுத்த தெரு மாமா. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பிள்ளை உட்கார்ந்து பார்க்கும், விடிந்தால் அவரையே டீக்கடையிலும் பார்க்கும். பூங்காவில் அந்த வாய்ப்பு இல்லை. பிள்ளைகள் முன்னால் பொம்மைத் தலையைக் கழற்றக்கூடாது என்பது அங்கே தொழில் ஒழுங்கு.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சோறு உண்ணாவிட்டால் பூச்சாண்டி, தூங்காவிட்டால் பூச்சாண்டி, "புடிச்சுக் குடுத்துடுவேன்" என்று வருசம் பூராவும் மிரட்டுகிறோம். பிறகு ஒரு நாள் வேனில் ஏற்றிக் கொண்டுபோய், பூச்சாண்டி மாதிரியே ஒன்றின் கையில் பிள்ளையைக் கொடுத்து "சிரி, போட்டோ எடுக்கணும்" என்கிறோம்.

குழுக் கூட்டங்களில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றிப் பேசியிருக்கிறோம். "பிடிக்கலைன்னா வேண்டாம்னு சத்தமா சொல்லு, அம்மாகிட்ட ஓடி வா" என்று பிள்ளைக்குச் சொல்லித் தருகிறோம். பொம்மையிடம் போக மாட்டேன் என்று அழுத பிள்ளை செய்தது அதையேதான். வேண்டாம் என்றது, அம்மாவிடம் ஓடி வந்தது. அப்போது நாமே பிடித்துத் தள்ளினால் அந்தப் பாடம் என்ன ஆகும்? வேஷம் போட்டவர் மேல் சந்தேகப்படச் சொல்லவில்லை. வேண்டாம் என்ற சொல்லுக்கு வீட்டில் மதிப்பு உண்டா இல்லையா என்பதைப் பிள்ளை இப்படிப்பட்ட இடத்தில்தான் கற்றுக்கொள்கிறது.

போவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் விளையாட்டாகத் தொடங்கலாம். அட்டையில் கண் வெட்டி, கயிறு கட்டி முகமூடி செய்யுங்கள். அம்மா மாட்டி, கழற்றி, "யாரு இது?" என்று கேட்கட்டும். பிறகு பிள்ளையே மாட்டிக் கண்ணாடியில் பார்க்கட்டும். மாட்டுவதும் கழற்றுவதும் பிள்ளை கையில் இருந்தால் பயம் பாதி போய்விடும். பூங்காவில் முதலில் தூரத்தில் நின்று கை ஆட்டினால் போதும். மற்ற பிள்ளைகள் கை கொடுப்பதைப் பார்க்கட்டும். நீங்களே போய்க் கை கொடுத்துச் சிரித்துவிட்டு வாருங்கள், பிள்ளை உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். படம் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

பொம்மைக்குப் பின்பக்கமாகவோ காலடியிலோ சின்னப் பிள்ளையை விடாதீர்கள். உள்ளே இருப்பவர் பெரும்பாலும் பொம்மையின் வாயிலோ கண்ணிலோ உள்ள சின்ன வலை வழியாகத்தான் பார்க்கிறார். கீழே நிற்கும் குழந்தை தெரியாது, இடித்துவிடுவார். நம் பெரிய பையன்களுக்கும் சொல்லி வையுங்கள். வாலைப் பிடித்து இழுப்பது, முதுகில் குத்துவது எல்லாம் அவர்களுக்கு வேடிக்கை. உள்ளே இருப்பவர் நம் வீட்டுப் பையனைப் போல யாரோ, கனத்த துணிக்குள் வியர்வையில் நனைந்துகொண்டு சம்பளத்துக்கு நிற்கிறவர். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை வி.ஜி.பி. பூங்காவின் சிலை மனிதரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அசையாமல் நிற்பதே அவர் வேலை, சிரிக்க வைக்கப் படாத பாடு படுவார்கள். பார்க்கிற நமக்கு ஐந்து நிமிசம், அவருக்கு நாள் முழுவதும்.

தொலைந்து போனால் யாரிடம் போக வேண்டும் என்பதையும் உள்ளே நுழைந்த உடனே காட்டுங்கள். பொம்மையிடம் போகச் சொல்லாதீர்கள், பல இடங்களில் அவர்கள் பேச மாட்டார்கள். சீருடைக் காவலாளியையும் டிக்கெட் கொடுக்கும் இடத்தையும் காட்டி, உங்கள் செல் எண்ணைத் தாளில் எழுதிப் பிள்ளையின் சட்டைப் பையில் வையுங்கள்.

கூட்டத்தில் கலந்து பேச: நம் வீட்டில் பிள்ளையை எதைச் சொல்லி மிரட்டுகிறோம்? பிள்ளை "வேண்டாம்" என்றதை நாம் கேட்டுக்கொண்டது கடைசியாக எப்போது? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பழைய அட்டையும் கொஞ்சம் நூலும் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், முகமூடி செய்து பார்ப்போம்.